டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழி தூரம் சுமார் 2,980 கி.மீ.தான். விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரம். ஆனால் டிக்கெட்டில் இரவு 1.00 மணிக்குப் புறப்பாடு, காலை 7.30க்கு வருகை என்று இருப்பதைப் பார்த்து, ஆறரை மணி நேரப் பயணம் என்று வயதானவர்கள் பயந்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்க வேண்டும், திரும்பும்போது கூட்ட வேண்டும். கோலாலம்பூருக்கும் இதே கணக்குதான்.

லண்டன் வேறு மாதிரி. சென்னையிலிருந்து சுமார் 8,230 கி.மீ. மேற்கிலிருந்து வீசும் உயர்வான் காற்று எதிர்ப்பதால் போகும்போது நேரம் கூடும், வரும்போது குறையும்.

பெரிய சிக்கல் தேதியில்தான். திருச்சியிலிருந்து 15ஆம் தேதி இரவு 12.40 விமானம் என்றால், காரைக்குடியில் 14ஆம் தேதி மாலையே வண்டி ஏற வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும்; பணமும் பெரும்பாலும் திரும்பாது. புதுக்கோட்டை வழியாகச் சாலையில் இரண்டு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் வையுங்கள். ஆக, மாலை 7.30க்கே கிளம்புங்கள். டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர்கள் "14ஆம் தேதி மாலை புறப்பாடு" என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி.

வாசகர், காரைக்குடி