உன் கதை படிச்சிட்டேன் அம்மு

அம்மு,

பத்திரிகைய அப்பா ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டு வந்துட்டாரு, உள்ள என்ன எழுதிருக்கன்னு படிக்கல, பேரு அச்சுல வந்ததே போதும் அவருக்கு. நான் படிச்சேன். நல்லா எழுதிருக்கடி, நிஜமாவே. ராத்திரி தாழ் போட்டு தூங்கு.

ஒன்னு மட்டும் இடிக்குது. அந்த பொண்ணு வந்து சொல்றப்ப அம்மாக்காரி டிவி சவுண்ட கூட்டி வச்சிட்டு உக்காந்திருக்கா. ஏன் அப்படி எழுதின? ஜெயகாந்தன் 1966ல எழுதின அக்கினிப் பிரவேசத்த உனக்கு நான்தான குடுத்தேன். மழைல கார்ல ஏத்திட்டு போனவன் கெடுத்துட்டான்னு பொண்ணு சொல்ல, அந்த அம்மாவும் கேட்டதும் அடிக்கறா, கத்தறா, அக்கம்பக்கம் என்னன்னு கேட்டப்புறம்தான் சுதாரிச்சு, மழைல நனைஞ்சிட்டு வந்துட்டான்னு சமாளிச்சிட்டு, தலைல தண்ணி ஊத்தி நீ சுத்தம்ங்கறா. அதுக்கே அப்ப எவ்ளோ சண்டை! அழுக்கானாதான கழுவணும், அவ என்ன தப்பு பண்ணானு ஸ்கூல் படிக்கறப்பவே நீ கேட்ட. சரியான கேள்விதான்.

அதையே அப்புறம் சில நேரங்களில் சில மனிதர்கள் நாவல்ல மாத்துனாரு பாரு, அதுல அம்மா வாய அடக்கல, விஷயம் வெளிய தெரிஞ்சு அண்ணன் துரத்தி விட்டுடறான், அந்த பொண்ணு கங்கா படிச்சு வேலைக்கு போயி சொந்த கால்ல நின்னும் அந்த ஒரு நாள் அவள விடவே இல்ல. இப்ப வர்ற கதைங்கள்ல ஒரு அறை விட்டு ஒரே பாட்டுல கலெக்டர் ஆயிட்டா எல்லாம் சரியாயிடுது. நீ அப்படி முடிக்கல, அதுல எனக்கு பெருமைதான்.

பாட்டி காலத்துல, 1943ல, புதுமைப்பித்தனோட சாப விமோசனம் கதைல அகலிகை, சீதைய தீக்குளிக்க சொன்னாங்கன்னு கேட்டதும் மறுபடி கல்லாயிடறா. அவளுக்கு வேற என்ன வழி இருந்துச்சு? ஆனா உனக்கென்னடி, ஃபோன் இருக்கு, எடுக்கக்கூட மாட்டேங்கற. பெத்தவ கதைய படிச்சா உன் சேதி தெரிஞ்சுக்கணும்?

அந்த மேனேஜர் கார்ல வர்ற சீன்ல அவன் போட்டிருந்த செண்ட் வாசனை வரைக்கும் எழுதிருக்க. கற்பனைல அவ்ளோ வருமா? எழுதறவங்களுக்கு வரும்னுதான் நினைச்சுக்கறேன். தனியா யார் கார்லயும் ஏறாத. தாழ் சரியா விழலன்னா ஆள் கூப்பிட்டு மாத்திடு, காசு நான் போடறேன்.

கதைய பத்தி மட்டும் பேசறதா இருந்தாலும் பரவால்ல, கூப்பிடு. காலைல அப்பா வாக்கிங் போயிடுவாரு, நான் மட்டும்தான் இருப்பேன். கத்தமாட்டேன்டி.

அம்மா