சிவப்புச் சுவிட்ச்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இதைக் கையால் எழுதி, அம்மாவின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ கடைசியாய்க் கதைத்து இன்றைக்கு 26 நாள். பூட்டி முடித்த கொம்பியூட்டரின் படத்தை அனுப்பிவிட்டு, "பட்டனை அமத்தினால் ஒன்றுமே இல்லை அப்பா, லைட்டும் இல்லை, ஃபேனும் சுத்துதில்லை, நான்தான் ஏதோ பிழை செய்திட்டன்" என்றாய். அதோடு சரி. அம்மா அனுப்புகிறதெல்லாம் நீலக் கோடாகிறது, பதிலைக் காணோம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, இங்கே இரவு எட்டரை. ரொறன்ரோவில் பகல் பதினொரு மணி. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில் யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். கடைகடையாய் ஏறி இறங்கி, கடைசியில் மேல்மாடியில் ஒரு பொடியன் உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "அங்கிள், வயரெல்லாம் வடிவாய்க் கட்டியிருக்கிறார்" என்றான். குசினி மேசையில் வைத்துத் தனியாய்ப் பூட்டினவன் என்று சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

அவன் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். எதைத் தொட முதலும் சுவரிலிருந்து வயரைக் கழற்று. பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்ச் கோட்டுப் பக்கம் அமர்ந்திருக்க வேண்டும், வட்டத்துப் பக்கம் என்றால் நிப்பாட்டியிருக்கிறது. பவர் சப்ளையிலிருந்து வரும் 24 பின் வயர் மதர்போர்டில் 'டிக்' என்று கொளுவும் வரை இறங்க வேணும். பாதி இறங்கினாலும் பார்வைக்குச் சரிபோலத்தான் இருக்குமாம். பிறகு, முன் பட்டனிலிருந்து வரும் சின்ன வயர். அது ஒரு பின் தள்ளிச் செருகுப்பட்டால், எத்தனை தரம் அமத்தினாலும் போர்டுக்குத் தெரியாது. அதைக் கழற்றிவிட்டு, சுவர் வயரைத் திரும்பக் கொளுவி, அது செருக வேண்டிய இரண்டு பின்னையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டால் ஓட வேணும். ஓடினால் பிழை பட்டனிலோ அதன் வயரிலோதான்.

அதற்கும் மசியாவிட்டால், போர்டைக் கேசிங்கிலிருந்து எடுத்து, அது வந்த மட்டைப் பெட்டிக்கு மேலே வைத்து, ஒரே ஒரு ரேமோடு போட்டுப் பார். போர்டுக்கு அடியில் அதைத் தாங்குகிற பித்தளைக் குமிழ் ஒன்று கூடுதலாய் நின்றாலே ஷோர்ட் ஆகிவிடுமாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதே. வயரைக் கழற்றின பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். திறக்காதே தம்பி. மற்றதைத் தொடுகிறதென்றாலும் முதலில் சுவரிலிருந்து கழற்று.

அப்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது, பவர் சப்ளை மட்டும் பாவித்தது வாங்கினாய் என்று. ஏன் பாவித்தது என்றும் நான் கேட்கவில்லை. பழையது என்றால் பின்னால் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கலாம் என்றான் பொடியன். புதிதுகளுக்கு அது இல்லை, எந்த நாட்டுக் கரண்டையும் தானாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் 120 வோல்ட், சுவிட்ச் 115இல் நிற்க வேணும். 230இல் நின்றால் உயிர் வராது, ஆனால் எரியாது. இங்கே மறுவளம். 230 வோல்ட் கரண்டில் அதை 115இல் விட்டால் வெடிக்கும் என்றான்.

எனக்குத் தெரியும் என்றேன். எப்படி என்று அவன் கேட்கவில்லை.

2008இல், நீ ஏ.எல். எடுக்க இருந்த வருசம், அம்மாவின் சீட்டுக் காசில் வாங்கின கொம்பியூட்டர். ஒரு பின்னேரம் நீ டியூசனுக்குப் போன பிறகு பழைய சாரத் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சிவப்புச் சுவிட்சில் 230 என்று இருந்தது. பேனை முனையால் தள்ளினேன், 115 வந்தது. குறைந்த நம்பர், கரண்ட் பில் குறையும் என்று நினைத்து அப்படியே விட்டேன். நீ வந்து போட்டாய். படார் என்ற சத்தமும் கருகல் மணமும் குசினி வரைக்கும் போனது. "இரவிரவாய் கேம் விளையாடினால் இப்படித்தான்" என்று உன்னை ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. நீ முகம் கழுவப் போன நேரம் சுவிட்சைத் திரும்ப 230க்குத் தள்ளி வைத்தேன். திருத்தக் கொண்டுபோன இடத்திலும் ஒருவரும் தொடவில்லை என்றேன். நீ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குப் படிப்பித்து அந்தக் காசைக் கட்டினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் நீ சொன்னது "நான்தான் ஏதோ பிழை செய்திட்டன் அப்பா" என்றுதான். அதே சொல்லை அந்தச் செவ்வாய்க்கிழமை போனில் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அது நீ இல்லை, ராசா. நான்.

அம்மாவுக்கும் இது தெரியாது. இதைப் படம் பிடிக்கும்போது வாசிப்பா, வாசிக்கட்டும். ஆடிவேல் ரதம் காலி வீதியால் போனது, நாங்கள் இறங்கிப் பார்க்கவில்லை. பெரியம்மாவின் விசயம் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பின படத்தில் போர்டின் கீழ்ப்பக்கம், அந்தச் சின்ன வயர் வருகிற மூலை, நிழலாய் இருக்கிறதாம். டோர்ச் அடித்து ஒன்று எடுத்து அனுப்பு. பவர் சப்ளையின் பின்பக்கமும் ஒன்று. பொடியனிடம் காட்ட வேணும். எந்த நேரமென்றாலும் எடு, பகல் பதினொரு மணியென்றாலும்.

அப்பா