வாடிக்கையாளர் எழுதிய பதில் எங்களுக்கு வந்து சேரவில்லை

அனுப்புநர்: ஜமுக்காளக் கடை உரிமையாளர், பவானி, ஈரோடு மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: மெயில் டெம்ப்ளேட்டில் (தானாகப் போகும் மெயிலின் மாதிரிப் படிவத்தில்) பதில் முகவரி அழிந்துபோனது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இரண்டு வருடமாக உங்கள் மென்பொருளில்தான் எங்கள் ஆன்லைன் கடை நடக்கிறது.

சென்ற மாதம் கோவையில் ஒரு கல்யாண வீட்டிலிருந்து, பந்திக்கு விரிக்கும் நீள ஜமுக்காளம் ஆறு கேட்டு ஆர்டர் வந்தது. ஆர்டர் உறுதியானதும் உங்கள் மென்பொருளிலிருந்து தானாகப் போன மெயிலுக்கு அந்த அம்மா அன்று இரவே பதில் எழுதியிருக்கிறார்: "மண்டபம் மாறிடுச்சுங்க, பார்சலை இந்த விலாசத்துக்கு அனுப்பிடுங்க." அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. பார்சல் பழைய மண்டபத்துக்குப் போய், கல்யாணம் முடிந்தபிறகு திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால், "நான்தான் எழுதினேனே, ஒரு பதில்கூடப் போடலையே" என்று அவர் போனில் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன்.

அப்புறம் என் பெயரிலேயே ஓர் ஆர்டர் போட்டு, வந்த மெயிலின் ஹெட்டரை, அதாவது யாரிடமிருந்து, யாருக்கு என்ற விவரங்கள் இருக்கும் தலைப்பகுதியை, திறந்து வரி வரியாகப் பார்த்தேன். ஃப்ரம் (அனுப்புநர்) வரியில் உங்கள் நோ-ரிப்ளை முகவரி, அதாவது பதில் எழுதினால் யாரும் பார்க்காத முகவரி, இருந்தது. பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டு என்ற வரியே இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் பதில் ஃப்ரம் முகவரிக்குத்தான் போகும். கடை திறந்த அன்றே டெம்ப்ளேட்டின் பதில் முகவரிக் கட்டத்தில் எங்கள் முகவரியைப் போட்டுச் சேமித்திருந்தேன். உங்கள் கடைசி அப்டேட்டுக்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது. எங்களுக்கு ஒரு தகவலும் சொல்லவில்லை.

இதைவிட மோசம், சோதனை மெயில் அனுப்பிப் பார்த்தால் எங்கள் முகவரியோடு சரியாகவே வருகிறது. சோதனை மெயில் கடையின் பொது செட்டிங்ஸிலிருந்து முகவரியை எடுக்கிறது, நிஜ மெயில் டெம்ப்ளேட்டிலிருந்து எடுக்கிறது. இப்படி இருந்தால் நாங்கள் எதை நம்புவது?

உங்கள் உதவி மையத்தில் கேட்டதற்கு, "ஃப்ரம் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். மெயில்கள் ஸ்பேமில் விழ ஆரம்பித்தன. உங்கள் சர்வரிலிருந்து போகும் மெயிலில் ஜிமெயில் முகவரி இருந்தால் மெயில் உண்மையில் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுமே அந்த முகவரியோடு பொருந்தாது, இந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் டிமார்க் சோதனையில் மெயில் தோற்றுப்போகும். ஜிமெயில் முகவரியை இப்படி ஃப்ரமில் போட்டு அனுப்பக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளிலேயே கூகுள் சொல்லியிருக்கிறது. கடைகளுக்காக மெயில் அனுப்பும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஃப்ரமில் உங்கள் டொமைன் (உங்கள் நிறுவனத்தின் இணையப் பெயர்) முகவரி, ரிப்ளை-டுவில் எங்கள் முகவரி, இவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

ஆர்டர், பார்சல் அனுப்புதல், பணம் திருப்பித் தருதல் என எல்லா டெம்ப்ளேட்டிலும் பதில் முகவரியைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கடையின் பொது முகவரியை மென்பொருளே எடுத்துக்கொள்ளட்டும். அப்டேட்டில் எங்கள் செட்டிங்ஸைத் தொடாதீர்கள். முக்கியமாக, அப்டேட் நாளிலிருந்து உங்கள் நோ-ரிப்ளை பெட்டிக்கு எங்கள் வாடிக்கையாளர்கள் எழுதிய பதில்கள் இன்னும் அங்கே இருந்தால், ஒன்று விடாமல் எங்களுக்கு அனுப்பி வையுங்கள். இன்னும் எத்தனை பேர் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்களோ தெரியவில்லை, ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுப் பேச வேண்டும். இந்த மாதச் சந்தாவையும் கழித்துத் தாருங்கள்.

ஏழு நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். நோ-ரிப்ளையிலிருந்து அனுப்பாமல், நான் திரும்ப எழுதக்கூடிய முகவரியிலிருந்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்