சைபர் புகாரில் கணக்கு முழுவதையும் முடக்குவதைத் தவிர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு வியாபாரிகள், திண்டுக்கல் நகரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திண்டுக்கல்.

பொருள்: புகாருக்குள்ளான தொகைக்கு மட்டும் லீன் போட (அதை மட்டும் கணக்கில் நிறுத்திவைக்க) வங்கிகளுக்கு அறிவுறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கோ ஒருவர் பணத்தை ஏமாந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்கிறார். அந்தப் பணம் நாலைந்து கணக்கு கைமாறிய பிறகு, அதில் 320 ரூபாய்க்கு ஒருவர் காய்கறி வாங்கி கியூஆர் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார். தடம் கடைக்காரர் கணக்கில் வந்து நிற்கிறது. சந்தேகத்துக்குரியது 320 ரூபாய். முடங்குவதோ கணக்கில் இருக்கும் மொத்தப் பணமும்.

'டெபிட் ஃப்ரீஸ்' போட்டால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. சவுண்ட் பாக்ஸ் வழக்கம்போல ஒவ்வொரு வரவையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். மண்டிக்குப் பணம் அனுப்பும்போதுதான் விஷயமே தெரியவரும். அதற்குள் அன்றைய வசூலும் உள்ளே மாட்டியிருக்கும். மண்டிக்குக் கொடுத்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் கெடு. கடன் தவணை திரும்பினால் அதற்குத் தனி அபராதம்.

கிளையில் கேட்டால் ஒரு புகார் எண்ணும் வெளிமாநிலக் காவல் நிலையத்தின் பெயரும் கிடைக்கும். அங்கே மெயில் போட்டால் விற்பனை பில் கேட்கிறார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத சரக்கு வியாபாரிக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. அரை கிலோ கத்தரிக்காய்க்கு யார் பில் போடுகிறார்கள்?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 106-ஆம் பிரிவின்படி காவல்துறை சொத்தைக் கைப்பற்றினால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியுள்ளது. அந்த 320 ரூபாயை விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை.

தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்ட அளவிலான வங்கியாளர் ஆலோசனைக் குழுவில் இதை வைத்து, முன்னோடி வங்கி மேலாளர் மூலம் எல்லாக் கிளைகளுக்கும் அறிவுறுத்த வேண்டுகிறோம். புகார்த் தொகைக்கு மட்டும் லீன் போட வேண்டும். முடக்கிய அன்றே புகார் எண், தொகை, பரிவர்த்தனையின் யூடிஆர் அடையாள எண், காவல் நிலையத்தின் மெயில் முகவரி நான்கையும் எழுத்தில் தர வேண்டும். மண்டிக் கொள்முதல் சீட்டு, கடை வாடகை ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமே வாங்கிச் சரிபார்த்து, வெளிமாநிலக் காவல் நிலையத்துக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். 320 ரூபாய்க்காக ஐதராபாத்துக்கு ரயில் ஏறினால் டிக்கெட்டுக்கே அதைவிட அதிகம் ஆகும்.

இப்படிக்கு,
திண்டுக்கல் நகரச் சிறு வியாபாரிகள்