டைடிங்ஸைத் தோற்கடித்தது அந்தப் படம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலிப் படங்களும் தேர்தலும் பற்றிய உங்கள் கட்டுரை, 1950-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த செனட் தேர்தலை ஒரே வரியில் முடித்துவிட்டது: ஒட்டுவேலை செய்த ஒரு போட்டோதான் மில்லர்ட் டைடிங்ஸைத் தோற்கடித்தது என்று. இதில் எனக்கு உடன்பாடில்லை.

டைடிங்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர், 1927 முதல் செனட்டர். 1938-ல் சொந்தக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டே வந்து எதிர்ப்பிரச்சாரம் செய்தும் ஜெயித்தவர். அரசாங்கத்துக்குள் கம்யூனிஸ்டுகள் புகுந்திருக்கிறார்கள் என்று குடியரசுக் கட்சி செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி சொன்ன குற்றச்சாட்டுகளை 1950-ல் விசாரித்த செனட் துணைக்குழுவுக்கு இவர்தான் தலைவர். எல்லாமே மோசடி, புரட்டு என்று அறிக்கை கொடுத்தார். மெக்கார்த்தி சும்மா விடுவாரா? டைடிங்ஸை எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் ஜான் மார்ஷல் பட்லர், வெளியே அதிகம் தெரியாத பால்டிமோர் வக்கீல். அவருக்காக மெக்கார்த்தியின் ஆட்கள் முழுமூச்சாக இறங்கினார்கள்.

நான்கு பக்கத்தில் ஒரு பிரசுரம் போட்டார்கள். அதில்தான் அந்தப் படம். முன்பு அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்த ஏர்ல் பிரௌடர் பேச, டைடிங்ஸ் கவனமாகக் கேட்கிறார். உண்மையில் டைடிங்ஸ் 1938-ல் ரேடியோவில் தேர்தல் முடிவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது, பக்கத்தில் பிரௌடரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். இது இணைத்துச் செய்த படம் என்று கீழே அச்சிட்டும் இருந்தார்கள். பிறகு அதையே சாக்காகவும் சொன்னார்கள். அயோக்கியத்தனம்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் பட்லர் ஜெயித்தது ஏறத்தாழ 43,000 வாக்குகளில். அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தலில், எந்த ஒட்டுப்படமும் இல்லாமல், அதே குடியரசுக் கட்சியின் மெக்கெல்டின் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார்! ஜனநாயகக் கட்சி ஆளுநர் லேன் 1947-ல் கொண்டுவந்த விற்பனை வரிமேல் மக்களுக்கு அவ்வளவு எரிச்சல், கட்சிக்குள்ளும் பிளவு. அந்த அலையில் டைடிங்ஸும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டார் என்பதுதான் என் கருத்து.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மெக்கார்த்தியோடு மோதினால் இதுதான் கதி என்று மற்ற செனட்டர்கள் நம்பிவிட்டார்கள். 1951-ல் செனட் துணைக்குழு ஒன்று விசாரித்து அந்தப் பிரச்சாரத்தைக் கடுமையாகக் கண்டித்தது, ஆனால் பட்லரின் பதவியில் கைவைக்கவில்லை. பிரச்சார மேலாளருக்குத் தேர்தல் சட்டத்தை மீறியதற்காக 5,000 டாலர் அபராதம், அவ்வளவுதான். பட்லர் 1956-ல் மறுபடியும் ஜெயித்து 1963 வரை உட்கார்ந்திருந்தார். மெக்கார்த்தியை செனட்டிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று துணிந்து தீர்மானம் கொண்டுவந்த செனட்டர் பென்டனும் 1952-ல் கனெக்டிகட்டில் தோற்க, பயம் இன்னும் இறுகியது. செனட் மெக்கார்த்தியைக் கண்டிக்க 1954 டிசம்பர் ஆகிவிட்டது.

ஒரு படத்துக்கு இவ்வளவு சக்தி என்று நாமும் எழுதினால், அன்றைக்கு மெக்கார்த்தி தரப்பு பரவவிட்ட பயத்தையே திரும்பச் சொல்கிறோம். அந்த விற்பனை வரியையும் ஆளுநர் தேர்தலையும் அடுத்த இதழிலாவது சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்