பழைய எண் உங்களிடமே இருக்கட்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வழக்கறிஞரிடம் இனிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நம் செக்கு எண்ணெய்க் கடையின் கைப்பேசி எண், கூகுள் வரைபடத்தில் உள்ள பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, அப்பாவின் பெயரை வைத்து நீங்கள் பதிவு செய்த வணிகச் சின்னம் எல்லாமே உங்களிடமே இருக்கட்டும். வருகிற ஆடிப் பெருக்கு முதல் என் எண்ணெய் வேறு பெயரில், வேறு எண்ணில் வரும். வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊரறிய ஏன் எழுதுகிறாள் என்று அண்ணி கேட்பார்கள். நம் இருவரிடமும் மாறி மாறி வாங்கும் குடும்பங்களுக்கு எந்தக் கடை யாருடையது என்று தெரியவில்லை. அவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். பாகப்பிரிவினையைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது என்று அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

சின்னத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பெயரை முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவருக்கு 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்றும், அப்பா காலத்து ரசீதுகளே அதற்குப் போதும் என்றும் வழக்கறிஞர் சொன்னார். போதுமாக இருக்கலாம். ஆனால் அப்பாவின் ரசீதுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உங்களுக்கு எதிரே உட்கார எனக்கு மனமில்லை. சின்னப் பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் சமையல் எண்ணெய்கள் 29-ஆம் வகுப்பில் வருகின்றன. இணையவழியில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். இத்தனை சிறிய வேலையை அப்பா இருந்தபோதே அவர் பெயரில் செய்திருக்கலாம் என்று நாம் இருவருமே பேசியிருக்கிறோம். நீங்கள் செய்தீர்கள், உங்கள் பெயரில். புதிய பெயருக்கு நானும் விண்ணப்பித்துவிட்டேன்; இந்த முறை யாரையும் நம்பிக் காத்திருக்கவில்லை.

உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை மறைக்கவும் விரும்பவில்லை. அப்பா விளம்பரம் என்று நினைத்தவை சிவகாசியிலிருந்து வரும் தினசரி நாட்காட்டியும், மாரியம்மன் நோன்பி நோட்டீசில் கடைசி வரியும், கடைப் பெயர் அச்சிட்ட மஞ்சள் பையும்தான். 2019 ஜனவரியில் நெகிழிப் பைகளுக்குத் தடை வந்தபோதும், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று தொடங்கியபோதும், நம் அப்பா முன்னோடி ஆகிவிட்டார் என்று நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். அவற்றோடு நிற்காமல் கூகுள் பக்கத்தில் சரியான நேரத்தையும் விடுமுறை நாளையும் எழுதி, செக்கையும் வாசலையும் படமெடுத்துப் போட்டு, கடலை எண்ணெயில் காறல் வாடை அடித்தது என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவருக்கும் பணிவாகப் பதில் எழுதி, அடுத்த வாரமே அவரைக் கடைக்கு வரவழைத்தவர் நீங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு மில்லி இலவசம் என்று பக்கத்துத் தெருக் கடை அறிவித்தபோது, பொருளோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவதை கூகுள் ஏற்பதில்லை, ஒருநாள் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று சொல்லி நீங்கள் அதைத் தொடவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வேலை அந்த எண்தான். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒரு ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும் என்பதும், நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதும் தெரியாமல், எங்கிருந்தோ வாங்கிய எண்களுக்கெல்லாம் அனுப்பிப் பலர் புகார் செய்து எண்ணையே முடக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்பாவின் பற்று வரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், புதிதாக ஆட்டியதும் சொல்கிறோம், எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் என்று கேட்டு, தெரியாதவர்களுக்கு நீங்களே பதிந்து கொடுத்தீர்கள். ஒரு ரூபாய் செலவில்லை. சிவகிரி ஏலத்தில் எள் எடுத்து வந்த செய்தி காலையில் போனால், எண்ணெய் தெளிந்து முடிவதற்குள் பாதி விற்றிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த எண் போனதும் செக்கில் பாதி போன மாதிரிதான். என்னைக் கேட்டு அந்த எண்ணுக்கு அழைப்பவர்களிடம் உங்கள் கடைப் பையன் என்ன சொல்கிறான் என்று மூன்று பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அதை இங்கே எழுதமாட்டேன்.

அந்தத் தீபாவளி வாரத்தைத்தான் எழுத வேண்டும். வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை அங்கேதான் போகிறது.

காணொளி எடுக்க வந்த தம்பி நல்லவர்தான். செக்கின் வாகை மரத்தைத் தட்டிக் காட்டினார், கருப்பட்டி போடுவதைப் படமெடுத்தார், எண்ணெயை வெறும் வாயில் குடித்தும் காட்டினார். அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதை அவர் காணொளியில் சொல்லவில்லை. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதுகூடப் போகட்டும். இந்த நல்லெண்ணெய் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று அவர் சொன்னபோது நீங்கள் அருகில் நின்று தலையாட்டினீர்கள். மறுநாள் காலையில் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அழைப்புகள் நிற்கவேயில்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும்; ஒரு முறை பதினைந்து கிலோ போட்டு ஆட்டினால் ஆறு லிட்டர், அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும், பிறகு வெயிலில் வைத்துத் தெளியவிட இரண்டு மூன்று நாள். அந்தக் கணக்கு நம் இருவருக்குமே மனப்பாடம். ஆனாலும் நீங்கள் ஆர்டர்களை வாங்கிக்கொண்டே இருந்தீர்கள்.

எண்ணெய்க் குளியலுக்காக உள்ளூர் முழுவதும் நல்லெண்ணெய் வாங்கும் வாரம் அதுதான். வாத்தியார் ஐயா தூக்குப்போசியோடு வந்து நின்றார். எண்ணெய் தீர்ந்துவிட்டது, தீபாவளி கழித்து வாருங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களுக்குப் பின்னால் கூரியருக்குக் கட்டிய அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி தம்பி, வெளியூர்க்காரங்களும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெறும் போசியோடு போனார். அன்று மாலைதான் பிறர் ஆட்டிய எண்ணெய் டின்கள் வந்து இறங்கின.

அப்பாவின் படத்தை வைத்து ஊரான் எண்ணெயை விற்கிறீர்களா என்று வேலைக்காரர்களும் கூரியர்க்காரரும் நிற்க நான் கத்தியது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் முன்னால் அப்படிக் கேட்டதற்கு என்னை மன்னியுங்கள். கேட்டதற்காக அல்ல, அந்தக் கேள்வியை இன்றும் கேட்பேன், கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன், அவ்வளவுதான். அன்று இரவு நீங்களே வண்டியோட்டிப் போய் அந்த டின்களைத் திருப்பிக் கொடுத்தீர்கள். வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து, கொடுக்க முடியாத ஆர்டர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். இதை நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை. நம் பெயரில் பிறர் ஆட்டிய எண்ணெய் ஒரு சொட்டும் போகவில்லை என்பதற்கு நானே சாட்சி. இதைப் படிக்கும் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அதன் பிறகும் பாடம் படித்தோமா? தமிழ்நாடு முழுவதையும் தேர்ந்தெடுத்து இன்ஸ்டாகிராமில் பணம் கட்டிப் பதிவை பூஸ்ட் செய்தீர்கள், விருப்பக்குறிகள் குவிந்தன. விலை என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் இன்பாக்ஸைப் பாருங்கள் என்று பதில் போனது. விலையைச் சொல்ல நாம் என்ன கள்ளக் கடையா நடத்தினோம்? கூரியர் கட்டணத்தோடு ஒரு லிட்டரின் விலையைப் பார்த்துத் திகைத்தவர்கள் ஒருபுறம். பொருள் வந்த பிறகு பணம் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்ததும் வேண்டாம் என்றவர்கள் இன்னொருபுறம். போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில். மூடி கசிந்து அட்டை நனைந்து போய்ச் சேர்ந்ததற்கு, செக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒற்றை நட்சத்திரங்கள். வெளியூர் விற்பனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு லிட்டர் ஆட்டுகிறவன் அறுபது லிட்டருக்கு ஆள் கூப்பிட்டால் ஐம்பத்து நான்கு பேரிடம் கெட்ட பெயர் வாங்குகிறான் என்றுதான் சொல்கிறேன். இதைச் சொன்னபோது எனக்குப் பயம் என்றீர்கள். பெண் என்பதால் பயம் என்றும் ஒருமுறை சொன்னீர்கள். அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

என் பக்கத்துக்கு என்ன செய்யப்போகிறேன் என்றால், செக்கின் வேகத்துக்கு ஏற்ப விளம்பரம் செய்யப்போகிறேன். மூன்று நாளைக்கு எவ்வளவு தெளியுமோ அவ்வளவுக்குத்தான் செய்தி அனுப்புவேன், அதுவும் போசியோடு நடந்து வரக்கூடியவர்களுக்கு முதலில். கடை வாசல், பெயர்ப்பலகை, செக்கு எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து அனுப்பி கூகுளில் புதிய பக்கத்தைச் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன். அது என் பெயரில் இருக்கும், கடவுச்சொல் என்னிடம் இருக்கும். அப்பாவின் நோட்டை நகலெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன், மூலம் என்னிடம் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் லேபிளில் அப்பாவின் படத்துக்குக் கீழே அந்தச் சர்க்கரை நோய் வாக்கியம் இன்னும் இருக்கிறது. ஒரு நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளைப் பற்றிச் சொல்வதை 2018-இல் வந்த உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிட, அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசி வரை மாத்திரையைத் தவறவிடாத மனிதரின் படம் அது. அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அச்சடித்தவை மீதம் இருந்தால் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். அச்சகத்துக்குக் கொடுத்ததில் பாதியை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை