மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களைத்தான் தொழுநோய் பிடிக்கும், சத்தான ஆகாரம் சாப்பிட்டு அவற்றைப் பெருக்கிக்கொண்டால் போதும் என்று ஒரு பத்தி இருந்தது. தில்லியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் சிலைடு பார்த்தவள் நான். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

காது மடலை விரலால் அழுத்திப் பிடித்து, ரத்தம் வராதபடி பிளேடால் சிறு கீறல் போட்டு, உள்ளே சுரண்டி வரும் கசிவைக் கண்ணாடியில் தடவுவோம். சாயம் ஏற்றி லென்ஸில் பார்த்தால் நீல நிறத்துக்கு நடுவே தொழுநோய்க் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாக, பீடிக்கட்டு மாதிரி சேர்ந்து கிடக்கும். அவை பெரும்பாலும் குடியிருப்பது எங்கே தெரியுமா? மேக்ரோஃபேஜ் என்கிற, வெள்ளை அணு வம்சத்து அணுவுக்குள்ளேயே! கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டிய அணு அது. இங்கே விழுங்குகிறது, செரிப்பதில்லை. உள்ளே கொழுப்புச் சேர்ந்து, நுரைத்தாற்போல ஊதி, கிருமிக்கே வீடாகிவிடுகிறது. கிருமியும் 12 முதல் 14 நாளுக்கு ஒரு தடவைதான் இரண்டாகப் பிரியும். தொற்றி வருஷக்கணக்கான பிறகு நோய் வெளியே தெரிவது அதனால்தான்.

அதே நோயாளியின் ரத்தத்தை எடுத்து எண்ணிப் பார்த்தால் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் சரியான கணக்கில்தான் இருக்கும். கோளாறு எண்ணிக்கையில் இல்லை. மேக்ரோஃபேஜை உசுப்பிவிட வேண்டியவை வெள்ளை அணுக்களில் இன்னொரு வகையான டி அணுக்கள். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்தால்தான் மேக்ரோஃபேஜ் தன் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லக் கிளம்பும். கிருமி மிகுந்த லெப்ரோமட்டஸ் வகையில், மற்றக் கிருமிகளைக் கண்டால் கிளம்புகிற டி அணுக்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் அசையாது. ஏன் என்று எங்கள் ஊர் எய்ம்ஸில் இருந்துகொண்டு வருஷக்கணக்காக ஆராய்ந்தவர், 2021இல் மறைந்த டாக்டர் இந்திரா நாத். கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடி என்ற புரதம் இந்த நோயாளிகளுக்கு ஏராளமாகவே இருக்கும். கிருமி அணுவுக்குள் பதுங்கியிருக்கும்போது அதனால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்று. எச்.ஐ.வி. பரவியபோது காசநோய் எக்கச்சக்கமாகக் கூடியது. தொழுநோய் அப்படிக் கூடவில்லை. பொதுவான பலவீனம்தான் காரணம் என்றால் கூடியிருக்க வேண்டாமா?

நான் அதிகம் சொல்ல நினைப்பது வேறு. வெள்ளை அணுக்கள் விழித்துக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. ஜங்புராவில் மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்த காலத்தில், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். முதுகிலும் தொடையிலும் ஏழெட்டுத் தேமல், தொட்டால் உணர்ச்சியில்லை. ஒரு வருஷக் கூட்டு மருந்து ஆரம்பித்தோம். ஐந்தாவது மாதம் தேமல்கள் சிவந்து தடித்தன, முழங்கை நரம்பு வலித்தது. மாத்திரைச் சூடு என்று யாரோ சொல்ல, அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார். பல மாதம் கழித்து வந்தபோது வலது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன. உள்ளங்கை ஓரத்தில் கரிப்பெட்டி சுட்ட கொப்புளம், பெரிய நெல்லிக்காய் அளவு. அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. "மாத்திர தின்னதாலதான் கை இப்படி ஆயிடுச்சுக்கா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அது மாத்திரை செய்த வேலையில்லை. அதுவரை சும்மா இருந்த டி அணுக்கள் ஒரேயடியாகக் கிளம்பி, கிருமி தங்கியிருந்த நரம்பையும் சேர்த்துத் தாக்கியிருக்கின்றன. ரியாக்‌ஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். கூட்டு மருந்தைத் தொடர்ந்துகொண்டே, நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்திருந்தால் அந்த விரல்களைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது. அந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன் என்று லேகியமும் டானிக்கும் தேடிப் போவதில் கையில் இருக்கும் காலம்தான் வீணாகும்.

தில்லியில் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற நம் ஜனங்கள் உங்கள் இதழைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிறார்கள். அதனால் கேட்கிறேன்: அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம், மருந்து இலவசம். மருந்து சாப்பிடும்போது தேமல் தடித்தாலோ நரம்பு வலித்தாலோ கை கால் மரத்தாலோ மாத்திரையை நிறுத்தாமல், தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். மருந்து முடித்த பிறகும் ரியாக்‌ஷன் வரலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், அதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
மயூர் விஹார், தில்லி